மாட்டுக் கொட்டகையில் ஒரு சுழி

பகல் வெயிலைப் பாட்டரியில் பிடித்துவைத்து இருட்டில் விளக்கு எரிய வைக்கும் சோலார் பலகையை எங்கள் மாட்டுக் கொட்டகையின் மேல் பொருத்த அரசாங்க ஆட்கள் சம்மதித்ததற்கு ஒரே காரணம்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை எங்களுடையது ஒன்றுதான். தகரம் வந்ததற்குக் காரணம், பழைய கீற்றுக் கூரை எரிந்துபோனது. விடிவதற்கு முன்னால் அம்மா பால் கறந்துகொண்டிருந்தபோது பசு அரிக்கேன் விளக்கை உதைத்துவிட, வைக்கோல் பற்றிக்கொண்டது. மாடுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டுக் கடைசியாகத்தான் அம்மா வெளியே வந்தாள். முழங்கையில் தோல் வெந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் கொட்டகைக்குள் தீயையே கொண்டுபோகவில்லை. இருட்டில் தடவித் தடவிக் கறந்தாள், சாணத்தில் வழுக்கினாள், மிதி வாங்கினாள். தீ இல்லாத வெளிச்சம் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது அவளுக்கு வந்தே ஆகவேண்டும் என்பது என் பிடிவாதம்.

எண்பதுகளில் ஒரகடம் பக்கம் ஊருக்குள் மின்கம்பம் இருந்தது. வயலுக்கு நடுவில் இருந்த எங்களுக்கு இல்லை. அதிகாரி வந்தபோது அவரிடம் பேசியது நான்தான். எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான் ஒருத்தி, அதுவும் இயற்பியல் எடுத்து. அப்பா என் பின்னால் நின்று, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஜீப்பில் பலகை வந்தது. கூடவே சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சைக்கிளில் ஒரு ஒயர்மேன் வந்தார். கூரை மேல் பலகையைப் பொருத்திவிட்டு, கீழே இறங்கி வேலி ஓரம் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டினார். அதில் ஒரு செப்புத் தகட்டை இறக்கி, மேலே கரி, உப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு என்று கொட்டினார். உப்பு வாசனைக்கு எங்கள் கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு குழிக்குள் தலையை விட்டது. அதை விரட்டிக்கொண்டிருந்தபோதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை வந்து நின்றாள். உறவு இல்லை; பக்கத்து நிலத்துக்காரி, ஒற்றை எருமையை வைத்துப் பிழைப்பவள்.

"இன்னாடி பொதைக்கிறாங்க?"

"செப்புத் தகடு அத்தே."

அத்தை இரண்டடி பின்னால் போனாள். "யாருக்குடி?"

எங்கள் பக்கம் செப்புத் தகட்டைப் புதைத்தால் கேட்கப்படுகிற கேள்வி இது ஒன்றுதான். செய்வினை யாருக்கு என்பதைத் தவிர மற்றதெல்லாம் கேட்கிறவருக்கே தெரியும்.

"யாருக்கும் இல்ல அத்தே. இடிக்கு."

"இடியக் கூப்புடறீங்களா?"

"கூப்புடல ஆயா," என்றார் ஒயர்மேன். "வந்துச்சின்னா கூரையிலேருந்து மண்ணுக்கு வழி காட்டறோம். அதான் எர்த்து."

"வழி காட்டறாராம்! ரெண்டு வூட்டுக்கும் நடுவுல ஒரு முள்ளு வேலிதான் கீது. இடி வழி தவறி எங்கூட்டுக்கு வந்துச்சின்னா நீ வந்து திருப்பி இட்டுகினு போவியா?"

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் இயற்பியல் படித்தது எதற்கு? பாடப் புத்தகத்தில் இருந்தபடியே, தெளிவாக, கொஞ்சம் சத்தமாக விளக்கினேன். பூமியின் மின்னழுத்தம் சுழி. அதனால் மின்சாரம் எப்போதும் அந்தச் சுழியை நோக்கித்தான் போகும்.

"சுழியா?" என்றாள் அத்தை.

"ஆமா அத்தே. சுழி."

பள்ளிக்கூடத்தில் சுழி என்றால் பூஜ்யம். மாடு வைத்திருக்கிறவர்களுக்குச் சுழி என்றால் மாட்டின் முடியில் விழுந்திருக்கும் சுழல். அதில் நல்லது உண்டு, குடியைக் கெடுப்பதும் உண்டு. சந்தையில் பல்லைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பார்கள். எங்கள் வேலி ஓரத்தில் பூமிக்கே ஒரு சுழி இருக்கிறது என்றும், அதைத் தகடு வைத்து எழுப்பியிருக்கிறோம் என்றும் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் அத்தையின் எருமை பாலை நிறுத்திக்கொண்டது. அது சினையாக இருந்தது, நிறுத்தும் காலம்தான். அதை யார் கேட்பது?

குழி வெட்டிய அன்றே, வேலை முடிந்ததும் ஒயர்மேன் ஒரு பெட்டியை வைத்து எர்த்தைச் சோதித்தார். முகம் சுருங்கியது. "மண்ணு காஞ்சி கெடக்குதும்மா. ஆபீசர் அடுத்த வாரம் வந்து பாத்தாதான் லைட்டு குடுப்போம். இப்படியே இருந்தா பலகையக் கழட்டி வேற ஊருக்குக் குடுத்துருவாரு. தெனமும் தண்ணி ஊத்துங்க."

கடுங்கோடை. கிணற்றில் மாடுகளுக்கே தண்ணீர் போதவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், போய்ப் புல் அறுத்தாள். மறுநாள் காலையும் இருட்டில்தான் கறந்தாள்.

அன்று மத்தியானம் அத்தை நான்கைந்து பெண்களோடு வந்தாள். தகட்டைத் தோண்டி எடுக்கத்தான் வருகிறார்கள் என்று நான் மூடிய குழியின் மேல் போய் நின்றுகொண்டேன்.

"நவுருடி படிச்சவளே. தோண்டுனா எங்க மேல பாயும். சூடு தணிக்கணும்."

இடுப்புக் குடத்தை இறக்கி மஞ்சள் தண்ணீரைக் குழியில் ஊற்றினாள். மற்றவர்களும் ஊற்றினார்கள். எங்கள் கிணறு வற்றினாலும் அவள் கிணறு வற்றவில்லை. செய்வினைக்குப் பயந்தால் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க முடியாது. வேப்பிலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். தினமும் வந்தார்கள். நாங்கள் வேதக்காரர்கள், அம்மாவுக்கு இதெல்லாம் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் பயம். மாதா கோவிலிலிருந்து பிராந்தி பாட்டிலில் தீர்த்தம் வாங்கி வந்து, மஞ்சள் தண்ணீருக்கு மேல் சிலுவை போட்டு ஊற்றினாள்.

"உங்க சாமி தண்ணியும் ஊத்து, நல்லதுதான்," என்றாள் அத்தை. "எது வேல செய்யுதோ செய்யட்டும்."

அதிகாரி ஒயர்மேனோடு வந்தபோது குழியைச் சுற்றி எலுமிச்சம்பழத் தோல், வேப்பிலை, குங்குமம், ஒரு மெழுகுவர்த்தி. அவர் தரையில் இரண்டு கம்பிகளை அடித்து, பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினார். ஊரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. பெட்டியின் முள் நடுங்கி நடுங்கிக் கீழே வந்தது.

"ஏ ஒன் எர்த்து," என்றார். "எப்படிப்பா இந்தக் கோடையில?"

ஒயர்மேன் வானத்தைப் பார்த்தார்.

"இன்னா சொல்றாரு?" என்று அத்தை என் தோளைப் பிடித்தாள்.

அந்த நேரத்தில் பாடப் புத்தகத்தைத் திறப்பதா? "கெட்ட சுழி போயிடுச்சாம் அத்தே," என்றேன். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதிகாரி, தன் இலாகாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்து, கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் கறவைக்கு நானும் எழுந்து போனேன். அம்மா சுவிட்சைத் தட்டினாள். கொட்டகை முழுக்க வெள்ளை வெளிச்சம். சாணம், தொட்டி, கயிறு, அம்மாவின் கை எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. பசு விளக்கைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. சுரப்பு விடவில்லை. அம்மா மடியை நீவினாள், தட்டிக் கொடுத்தாள், கன்றை விட்டாள். ஒரு சொட்டு வரவில்லை.

"அணைச்சிடலாமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பசுவின் கண்ணைச் சுற்றிக் கட்டினாள். அது பெருமூச்சு விட்டது. குவளையில் பால் சர்ரென்று இறங்கியது.

"லைட்டு எனக்குடி," என்றாள் அம்மா. "அதுக்கு இல்ல."