காப்புக் கட்டிய பதினைந்து நாள்

ராஜா போய், புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த மறுவருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. புதுக்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, குளத்தூர் தாலுக்காவில் இருக்கும் எங்கள் ஊரில் வேலை ஆர்டருக்குக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதுகூடச் சரியில்லை. புரட்சி பண்ணிக்கொண்டிருந்தேன். கட்சியைத் தடை செய்திருந்த காலம். அரிசி மூட்டைக்குள் துண்டுப் பிரசுரம் வைத்து ஊர் ஊராக அனுப்புவது என் பொறுப்பு. இன்னும் ஆறு மாதத்தில் புரட்சி வந்துவிடும் என்று நான் நிச்சயமாக நம்பினேன். ஆர்டர் அதற்குள் வருமா என்பதில்தான் சந்தேகம்.

வீட்டில் நானும் அண்ணியும் அவளுடைய இரண்டு வயது மகனும்தான். அண்ணன் பினாங்கில் ஒரு துணிக்கடையில் இருந்தான். அந்தப் பங்குனியில், தஞ்சாவூர்ப் பக்கம் களத்துமேட்டில் போலீஸ் சுட்டதில் தொடையில் குண்டு பட்ட தோழர் ஒருவரை வைக்கோல் வண்டிக்குள் படுக்கவைத்து எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். நெல் போட்டுவைக்கும் உள் அறையில் பாய் விரித்தேன்.

"இவரு யாரையும் கொன்னுபுட்டு வந்தவரா, ஆத்தா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஏழைபாழைக்காகக் குண்டு வாங்கினவரு, அண்ணி."

"சரி. கஞ்சி ரெண்டு வேளைக்கா, மூணு வேளைக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள்.

மூன்றாம் நாள் தமுக்கு அடித்தார்கள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. பூசாரி கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், பதினைந்து நாளைக்கு ஊர்க்காரர் வெளியே போய்த் தங்கக் கூடாது. வெளியாள் ஊருக்குள் படுக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் அவரை அனுப்பிவிடச் சொன்னாள் அண்ணி. அவருக்கோ காய்ச்சல்; எழுந்து நிற்க முடியவில்லை. ரோட்டில் போலீஸ் வேறு நின்றது.

"கயித்தக் கட்டினா ஊருக்கே பூட்டுப் போட்ட மாதிரியா அண்ணி?" என்று சிரித்தேன்.

"சிரிக்காத. ஒனக்கு அது கயிறு."

அன்று இரண்டு வேளைக் கஞ்சி மூன்று வேளையானது.

காப்புக் கட்டிய ஆறாம் நாள் காலை. தெருப் பெண்கள் எல்லாரும் அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றக் குளத்துக்குப் போயிருந்தார்கள். குடையும் தோல் பையுமாக அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தார். சர்க்கார் ஆள். வீட்டுக்கு வீடு உள்ளே போவார், முற்றத்தில் உட்கார்ந்து எத்தனை பேர் என்று கேட்டு எழுதுவார். உள் அறையில் தோழர். வாசலை மறித்துக்கொண்டு சொன்னேன்: "ஊருக்குக் காப்புக் கட்டியிருக்குங்க. காப்புக்குள்ள புள்ளைகளுக்கு ரத்தம் காட்டக் கூடாதுங்க. இந்தத் தெருவுல ஒருத்தரும் சம்மதிக்க மாட்டாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச பொண்ணாட்டம் இருக்க. நீயுமாம்மா?"

"ஆமாங்க."

எதையோ எழுதிக்கொண்டு, மற்ற வீடுகளுக்கும் போகாமல் திரும்பிப் போனார். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை. உள்ளே போய்த் தோழரிடம் சொன்னேன். இருவரும் சத்தமில்லாமல் சிரித்தோம். அண்ணியிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ஊர்த் தலைவரான அம்பலகாரர் கூப்பிட்டனுப்பினார். எங்கள் வீட்டுக்குள் ஆம்பளை இருமுகிற சத்தம் கேட்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள். கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முன்னே போனாள். இடுப்பில் பிள்ளை.

"எங்க மூணு பேரத் தவுர எங்க வீட்ல யாருமில்ல. இருந்தா ஆத்தா என்னையும் எம்புள்ளையையும் கேக்கட்டும்."

எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். கூட்டம் கலைந்தது. திரும்பும்போது அவள் அந்தக் கையைப் பிள்ளைமேல் படாமல் தூக்கியே வைத்திருந்தாள். சூடு பட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

காப்பு அவிழ்ப்பதற்கு முன்பே தோழர் தேறிப் போய்விட்டார். வைகாசியில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் அம்மை போட்டது. இரண்டு பிள்ளைகள் தழும்போடு தப்பினார்கள். எங்கள் பையனுக்கு இடது கண் போயிற்று.

அண்ணி அழவில்லை. "கேட்டுட்டா," என்றாள். அதற்குப் பிறகு செவ்வாய், வெள்ளி பச்சைத்தண்ணி பல்லில் படாது. வருஷா வருஷம் தீச்சட்டி எடுத்தாள். ஊருக்கு அது பிள்ளைக்கான வேண்டுதல். பொய்ச் சத்தியத்துக்கான தண்டம் என்று எனக்கு மட்டும் தெரியும். அது அவளுடைய தண்டமே இல்லை என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். எந்த நாளில், யார் வாசலில், என்ன வார்த்தை சொல்லி அந்தக் கண்ணைப் பறிகொடுத்தோம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆர்டர் வந்தது. போலீஸ் விசாரணையில் என்மேல் ஒன்றுமில்லை. அவளுடைய சத்தியத்தில் நான் டீச்சர் ஆனேன்.

கட்சிமேல் இருந்த தடை நீங்கி, தோழர் இப்போது தலைமறைவிலிருந்து வெளியே வந்துவிட்டார். மேடைகளில் நன்றாகப் பேசுகிறார். தொடைத் தழும்பு ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். எங்கள் வீடு, 'ஒரு விவசாயக் குடும்பம்' என்று அரை வாக்கியத்தில் வந்து போகும்.

அம்மை போட்டு மூன்று வருஷம் கழித்து என் பள்ளிக்கூடத்துக்கு அதே அம்மை குத்துகிறவர் வந்தார். வரிசையாகப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இங்க காப்புக் கட்டலையா டீச்சர்?" என்றார். நல்ல மனுஷர், வேடிக்கைக்குத்தான் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அண்ணி உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அண்ணி, உங்க சத்தியத்தால இல்லை, என்னால. குத்தியிருந்தா கண்ணு போயிருக்காது. மூணு வீட்டுக்கும் நான்தான் காரணம். சொல்லிவிட்டால் அவளுக்குப் பாரம் இறங்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"இத்தன நாளும் ஆத்தா பண்ணுனான்னு நெனச்சிருந்தேன். சாமி பண்ணுச்சுன்னா அது கால்ல விழுந்து அழுகலாம். ஒங் கால்ல விழுந்து அழுகவா?"

உரலுக்குள் கிடந்த கம்பை முறத்தில் அள்ளினாள்.

"வார பங்குனிக்கு நான் சட்டி எடுக்கல. நீ எடு."

"எனக்கு நம்பிக்கை இல்லையே அண்ணி."

"இல்லாமத்தான அம்மை குத்துறவரத் திருப்பி அனுப்புன? காப்பச் சொல்லி அனுப்பத் தெரிஞ்சுச்சுல்ல. இப்ப அந்தக் காப்பக் கட்டிக்கிட்டு எடு."

"எதுக்குன்னு ஊரு கேக்குமே?"

"உள்ளதச் சொல்லு."

சொன்னேன். சூடம் எரிந்த அதே இடத்தில், ஒளித்துவைத்ததையும் சொன்னேன், திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். அம்மை கண்ட இன்னொரு வீட்டுப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள். அம்பலகாரர் நெடுநேரம் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். பேச்சு குளத்தூர் போய், அங்கிருந்து கல்வி ஆபீசுக்குப் போயிற்று. பங்குனி பிறப்பதற்குள் வேலை போய்விட்டது. கட்சியில், பகுத்தறிவுள்ள தோழி தீச்சட்டி தூக்குவதா என்று கேட்டார்கள்.

மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். ஊருக்குள் பதினைந்து நாள் படுத்தேன். கடைசி நாள் சட்டி எடுத்தேன். வேப்பிலைக்கு மேலே மண்சட்டி கொதித்தது. கை பொசுங்கியது. கை பொசுங்கலைன்னா ஆத்தா மன்னிச்சுட்டான்னு அர்த்தம் என்பார்கள். எனக்குப் பொசுங்கிற்று.

அண்ணி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். பையன் மட்டும் ஓடிவந்தான். என் ஈரப் புடவையைப் பிடித்துக்கொண்டு, தெரியாத கண் பக்கமாக ஒவ்வொரு பத்தடிக்கும் என்மேல் இடித்துக்கொண்டே, கோயில் வரைக்கும் கூட நடந்தான்.