பக்கக் கண்ணாடியில் தெரிந்த கட்டி

கிளிநொச்சியில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டப் பழக்குவது என் தொழில். பழகுபவர் முன்னால் இருப்பார். நான் பின்னால் இருந்து அவருடைய தோளுக்கு மேலால் வீதியைப் பார்த்துக்கொண்டு போவேன். அப்படிப் போன ஒருநாள்தான் வலது தாடைக்குக் கீழே, ஹெல்மெட் வார் இறுகும் இடத்தில், ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நோகவில்லை. வார் உரசி வந்த வீக்கம் என்று நானே முடிவுகட்டி, வேறொரு ஹெல்மெட் வாங்கினேன். சில கிழமைகளில் அதுவும் இறுகியது. மூன்றாவதை வாங்கிக்கொண்டு வந்தபோது, அக்கராயனில் வயல் செய்யும் என் கணவர், இந்த வீட்டில் மொத்தம் இரண்டு தலைதானே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

அப்போது என்னிடம் பழகிக்கொண்டிருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் பெண். சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்தார். அக்கா முறைக்கு நான் அவரை ராத்தா என்று கூப்பிடுவேன். பின்னால் வரும் வாகனத்தைப் பக்கக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னால், ராத்தா வாகனத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். ஒருநாள் பேசிக்கொண்டே ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, போன மாசம் இந்தக் கண்ணாடியில உங்கட முகம் தெரிஞ்சது. இப்ப அந்தக் கட்டிதான் முதல்ல தெரியுது. டொக்டரிட்டக் காட்டுற வரைக்கும் நான் இந்த ஸ்கூட்டியைத் தொடமாட்டன்.”

காட்டினேன். முதலில் காசநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். அது இல்லை என்று வந்தது. இரத்தப் பரிசோதனையிலும் ஒரு குறையும் இல்லை. கடைசியில் கட்டியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்ததும் யாழ்ப்பாணத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இடுப்பெலும்பில் ஊசி ஏற்றி, உள்ளே இரத்தம் ஊறும் மச்சையையும் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு டொக்டர் என்னையும் என் கணவரையும் இருத்தி, இது இரத்தப் புற்றுநோய் என்றார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் இரத்த அறிக்கையை எடுத்து அவருக்கு முன்னால் வைத்து, இதில் எல்லாம் சரி என்றுதானே இருக்கிறது என்று கேட்டேன்.

“ஓம், இரத்தம் சரி. மச்சையும் சரி. அந்தப் புற்றுநோய் அணுக்கள் உங்கட கட்டிக்குள்ள மட்டும்தான் இருக்குது. எங்கயோ ஒருத்தருக்கு இப்பிடியும் வரும். ஆனா சும்மா விட்டா மச்சைக்கும் போயிரும். அதுதான் இப்பவே மருந்து ஏத்தவேணும் எண்டு சொல்லுறன்.”

திரும்பி வரும் பேருந்து ஆனையிறவைக் கடக்கும்போது, என் கணவர் அறிக்கைகள் இருந்த ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, பசிக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் நான் அழுதேன்.

மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருக்கவேண்டி வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரே கேள்வி, இரத்தத்தில் இல்லாத இரத்தப் புற்றுநோய் என்ன நோய் என்று. என் கணவர் தன்பாட்டில் ஒரு விளக்கம் கண்டுபிடித்திருந்தார். பட்டியில் நிற்கும் மாடெல்லாம் நல்ல மாடு, ஒன்று மட்டும் வேலி பாய்ந்துபோய் யாருடைய வயலிலோ மேய்கிறது என்பார். டொக்டர் ஒருமுறை அதைக் கேட்டுவிட்டார். திருத்தவில்லை, சிரித்தார்.

தலைமயிர் கொட்டியது, வாயெல்லாம் புண். ஆனால் கட்டி முதல் சுற்று மருந்திலேயே கரையத் தொடங்கியது. காலையில் எழும்பியதும் தாடையைத் தடவிப் பார்ப்பேன். கடலை அளவுக்கு வந்து, பிறகு தேடினாலும் அகப்படாமல் போனது.

இதற்கிடையில் ராத்தாவின் லைசென்ஸ் பரீட்சை நெருங்கியது. அவருக்குப் பழக்க என் கணவர் முன்வந்தார். வயல் உழும் மெசினை மட்டுமே நன்றாக ஓட்டத் தெரிந்த மனிதர். ராத்தா மைதானத்தில் ஸ்கூட்டி ஓட, அவர் எனக்கு வீடியோவில் காட்டியபடி கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, வளைவில் வேகத்தைக் குறையுங்கோ, காலைத் தரையில் ஊன்றாதேங்கோ என்று கத்துவேன். இரண்டாம் நாளே பக்கத்துக் கட்டில் அம்மாவும் சேர்ந்து கத்தத் தொடங்கிவிட்டார். தாதி வந்து ஒருநாள் ஏசினாள். மறுநாள் அவளே, அவா எட்டுப் போட்டு முடித்துவிட்டாவா என்று கேட்டாள்.

ராத்தா பரீட்சையில் சித்தியடைந்த செய்தி வந்த கிழமை எனக்குக் கடைசிச் சுற்றான நாலாவது சுற்று மருந்து முடிந்தது.

இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறேன். போவதற்கு முதல் நாள் இரவு தாடையைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பேன், அது இன்னும் மாறவில்லை. போனமுறை டொக்டர் பத்து மாணவர்களைக் கூட்டிவந்து, முன்பு கட்டி இருந்த இடத்தையும் என் பழைய இரத்த அறிக்கையையும் காட்டி, நோயைக் கண்டுபிடிக்கச் சொன்னார். ஒருவன் காசநோய் என்றான். இன்னொருத்தி தைரொயிட் என்றாள். எனக்கு நல்ல சந்தோசம். எல்லாரும் தோற்றபிறகு டொக்டர் சொல்ல வாயெடுத்தார். பொறுங்கோ, நான் சொல்லுறன் என்று, என் கணவரின் மாட்டுக் கதையை முதலிலிருந்து தொடங்கினேன். பத்துப் பேரும் அதைக் கொப்பியில் எழுதினார்கள்.