போர்ச்சுகலில் இருந்து வராத பாட்டு

ஊ சான் புவின் ஆயுசில் கடந்த நீர்ப்பரப்பு யாங்கோன் ஆறு ஒன்றுதான். டல்லா கரையில் படகேறுவார், பன்சொடான் படித்துறையில் இறங்குவார். ஆனாலும் அவர் கை படாத வெளிநாட்டு மெட்டு குறைவு. தைவான், ஸ்வீடன், பிலிப்பைன்ஸ் என்று எந்த நாட்டு ஒலிநாடாவையும் காலையில் கொடுத்தால், சாயங்காலத்துக்குள் பர்மியச் சொல் உடுத்தித் திருப்பித் தருவார். அப்படி நானூற்றுச் சொச்சம் பாட்டு. ஒன்றின் மெட்டும் அவருடையதல்ல.

அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். "அடுத்தவன் தச்ச சட்டைக்குள்ள நம்ம உடம்ப நுழைக்கணும், பித்தானும் தெறிக்கக் கூடாது. எங்க, நீ நுழைஞ்சு காட்டு பாப்பம்" என்பார், டீக்கடையில் யாராவது 'ஸயா', அதாவது வாத்தியாரே, என்று கூப்பிட்டுச் சீண்டினால். வேலையும் லேசானதல்ல. எங்கள் பாஷையில் ஒரு சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். மெட்டு இறங்கும் இடத்தில் ஏறுகிற சொல்லை வைத்தால் காதல் பாட்டு வசவாகிவிடும். ஸ்வீடன்காரன் எங்கள் வசதியைப் பார்த்தா மெட்டுப் போடுகிறான்?

எண்பத்தேழாம் வருஷ மழைக்காலத்தில், படகில் குடையை மடித்துக்கொண்டு நின்றபோது அவருக்கு ஒரு மெட்டு வந்தது. முதலில் அவருக்கு எழுந்தது மகிழ்ச்சியல்ல, சந்தேகம். யாருடையது இது? வீட்டிலிருந்த ஒலிநாடாக்கள் அத்தனையையும் மூன்று மாதம் உட்கார்ந்து கேட்டார். ஊரான் மெட்டை எடுத்தே வாழ்ந்தவர், தெரியாமல் ஒன்றை எடுத்துவிட்டோமோ என்று நடுங்கினார். எங்கும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு நோட்டில் ஸ்வரத்தை எண்களாகவும் அதனடியில் சொல்லையும் எழுதி, கீழே தேதியும் போட்டார்.

தயாரிப்பாளர் ஊ போ சின் பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்ததும், "யாரோடது?" என்றார்.

"என்னோடது."

"அது தெரியுது ஸயா, வார்த்தை உங்களோடது. மெட்டு யாரோடது?"

"மெட்டும்தான்."

ஊ போ சின்னுக்கு முகம் தொங்கிவிட்டது. சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார். "சொந்த மெட்டெல்லாம் காலேஜ் பசங்க மரத்தடியில பாடறது. வெளிநாட்டுக்காரன் பாடி, அங்க நாலு பேர் கேட்டு, நல்லாருக்குன்னு சொன்ன பொருள் வேணும் எனக்கு. உங்க மெட்ட யாரு கேட்டிருக்கா? உங்க வீட்டுப் பூனையா?"

சான் புவின் ஆறு நாள் யோசித்தார். ஏழாம் நாள் போய், பொய் சொல்லிவிட்டதற்கு மன்னிக்க வேண்டும், அது ஒரு போர்ச்சுகல் பாட்டு, கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்தது என்றார். ஆளே மாறிப்போனார் ஊ போ சின். "அப்பவே நெனச்சேன்! நம்மாளுக்கு இப்படி வருமா? அசல் நாடாவைக் கொண்டாங்க, பேண்ட்காரனுக்கு வேணும்."

இப்போது அசல் ஒன்று தேவைப்பட்டது. ஞாயிறு மதியம், மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் ஸோ ஆபெல் தன் சின்னக் கீபோர்டோடு டல்லாவுக்கு வந்தான். பாட, சான் புவினின் மனைவி மா ஞோ.

"எனக்குப் போர்ச்சுகல் பாஷை தெரியாதே" என்றாள் மா ஞோ.

"கேக்கறவனுக்கு மட்டும் தெரியுமாக்கும்?" என்றான் ஆபெல். "வாயில வந்ததப் பாடு அக்கா. கொஞ்சம் மூக்கால பாடு, அது போதும்."

சிரித்துச் சிரித்து நான்கு முறை கெட்டது. ஐந்தாம் முறை ஒழுங்காகப் போயிற்று, மூன்றாம் அடி வரை. அந்த அடி மேலே மேலே ஏறி உச்சியில் நிற்க வேண்டும். மா ஞோவுக்கு அப்போதெல்லாம் கிணற்றடியிலிருந்து குடம் தூக்கி வந்தாலே இளைக்கும். பாதி ஏறியவள், மூச்சு எட்டாமல் சறுக்கிக் கீழே வந்துவிட்டாள். வந்தவள் நிறுத்தாமல் முடித்தாள்.

"இன்னொரு தரம் எடுப்பமா?" என்றான் ஆபெல்.

"பேட்டரி செத்துப்போச்சு, விடு. வெறும் மாதிரிதானே" என்றார் சான் புவின்.

வெறும் மாதிரி என்று அவர் சொன்னதுதான் தப்பு. எங்கள் பேண்ட்காரர்களுக்கு அசல் நாடா வேதம். அதில் இருமல் இருந்தால் இருமுவார்கள். பாடகன் லின் தய், மூன்றாம் அடியில் பாதி ஏறி, அந்தப் போர்ச்சுகல்காரி போலவே மூச்சை விட்டுச் சறுக்கினான். சான் புவின் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது பிழை, மேலே போக வேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டால் என்ன சொல்வது? மெட்டு இறங்கியதால் சொல்லும் நிற்கவில்லை. 'நான் வரும் வரை காத்திரு' என்று எழுதியிருந்ததை அங்கேயே அடித்து, 'எனக்காகக் காத்திருக்காதே' என்று மாற்றிக் கொடுத்தார்.

அந்த ஒரு அடிக்காகத்தான் நாடே அந்தப் பாட்டைப் பாடியது. பஸ்ஸில், கல்யாணத்தில், நீர்த்திருவிழாவின் லாரிகளில். நாடாவின் உறையில் பொடி எழுத்தில் 'மெட்டு: போர்ச்சுகல்' என்று இருந்தது. மா ஞோ, அடுத்த வீட்டு வானொலியில் அது வரும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். ஆறு வருஷம் அப்படி ஓடினாள். இளைப்பு என்று எல்லாரும் நினைத்திருந்தது இதயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நேரம் கடந்திருந்தது.

பிறகு காலம் மாறியது. அதுவரை யாருக்கும் உறுத்தாத விஷயம் திடீரென்று எல்லாருக்கும் உறுத்தியது. சொந்த மெட்டு கௌரவமாயிற்று. பழைய பாட்டுகளையும் அவற்றின் வெளிநாட்டு அசல்களையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு இளைஞர்கள் முகநூலில் பட்டியலிட்டார்கள். சான் புவின் பெயர் பட்டியலில் முதலில் நின்றது. நானூற்றுக்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் பொறுக்கவில்லை. பாட்டாசிரியர் சங்கத்தில் பதிவு தொடங்கியபோது, நோட்டை எடுத்துக்கொண்டு போனார். அறுபத்தெட்டு வயதில் அவர் கேட்டது ஒரு வரி: மெட்டு, சான் புவின்.

சங்கத்தின் தலைவர் பழைய டிரம்காரர், நல்ல மனுஷர். செயலாளர் யமின், வெளிநாட்டில் இசை படித்துவிட்டு வந்த பெண். மேஜைமேல் ஓர் ஒலிநாடா இருந்தது. ஊ போ சின் காலமாகி, அவர் மகள் பெட்டியோடு சங்கத்துக்குக் கொடுத்தவற்றில் ஒன்று.

"இது அசல்னு எழுதியிருக்கே ஸயா" என்றாள் யமின்.

"அது அசல் இல்லம்மா. எங்க வீட்ல எடுத்தது. பாடினது என் சம்சாரம்."

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "போர்ச்சுகல் பாஷையிலயா?"

"போர்ச்சுகல்காரங்களுக்குப் புரியாத போர்ச்சுகல் பாஷை."

"கூட இருந்தவங்க யாராவது?"

"ஆபெல் இருந்தான். ஆஸ்திரேலியாவுக்குப் போனான், அங்கயே அடக்கம். அவளும் இல்ல."

"சாட்சியெல்லாம் நல்ல தூரமாப் போயிட்டாங்க ஸயா" என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு.

சான் புவின் நோட்டை நீட்டினார். யமின் எண்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பாடினாள். முதல் அடி, இரண்டாம் அடி. சான் புவின் தொடையில் தாளம் போட்டார். மூன்றாம் அடியில் அவள் குரல் மேலே போய் உச்சியில் நின்றது. அங்கேயே அவளும் நின்றாள்.

"இங்க ஏறுதே ஸயா. பாட்டுல இறங்கும்."

"இறங்கும்தான். அதுதான் பாட்டே."

"உங்க நோட்டுல ஏறுது. வார்த்தையும் வேற, 'காத்திரு'ன்னு இருக்கு." அவள் நாடாவைப் போட்டாள்.

கரகரப்பு, கீபோர்டு, பிறகு மா ஞோ. இருபத்தாறு வருஷமாகக் கேட்காத குரல், முந்தாநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல மூக்கால் பாடியது. மூன்றாம் அடிக்கு ஏறியது. முடியாமல் சறுக்கியது. அந்த இறக்கத்தையும் அதற்கு வைத்த சொல்லையும் மேடைகளில் புகழ்ந்திருக்கிறார்கள். சான் புவினும் தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஏற்று ஏற்று, யோசித்துத்தான் போட்டோம் என்று நம்பியும் போயிருந்தார்.

"நாடாவுலயும் இறங்குது, பாட்டுலயும் இறங்குது. உங்க நோட்டுல மட்டும் ஏறுது" என்றாள் யமின். மிருதுவாகத்தான் சொன்னாள். "அப்போ பாட்டு நாடாவைப் பார்த்து வந்ததா, நோட்டைப் பார்த்து வந்ததா, நீங்களே சொல்லுங்க."

"நாடாவைப் பார்த்து."

அவருக்குச் சொல்ல ஒரு வழி இருந்தது. என் மெட்டு ஏறுவதுதான், அவள் பாடத் தெரியாமல் கெடுத்துவிட்டாள் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவள் கெடுக்காத அந்த மெட்டை இதுவரை ஒருவரும் பாடியதில்லை. இன்று இந்தப் பெண் பாடினாள், அழகாகவே பாடினாள், கேட்ட மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாருடைய மூச்சும் கலக்காமல் அவரிடமிருந்து வந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் குடம் தூக்கி இளைத்தவளுடையது.

"மெட்டுக்கு யார் பேரை எழுதட்டும் ஸயா?"

"மா ஞோன்னு எழுதறியா?"

யமின் தலைவரைப் பார்த்தாள். தலைவர் கூரையைப் பார்த்தார். "ஆதாரம் கேப்பாங்களே ஸயா."

"கேப்பாங்க. பழையபடியே எழுதிடும்மா."

'மெட்டு: போர்ச்சுகல், பெயர் தெரியவில்லை. சொல்: ஊ சான் புவின்' என்று எழுதி அவர் பக்கம் திருப்பினாள். தலைவருக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வயதில் வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்று, ஏதாவது நல்லதாகச் சொல்லப் பார்த்தார்.

"அந்த போர்ச்சுகல் அம்மா இப்ப இருந்து, தன் பாட்டை நம்ம ஜனம் இப்படிப் பாடுறது தெரிஞ்சா எவ்வளவு சந்தோஷப்படுவா, இல்லையா ஸயா?"

"அவளா?" என்றார் சான் புவின், பேனாவை வாங்கிக்கொண்டு. "கூச்சப்படுவா."

கையெழுத்துப் போட்டார்.