மூன்றாம் நம்பரில் வந்த சத்தம்

என் கூட்டாளி கல்யாணம் முடிந்து செபராங் ஜெயாவுக்குக் குடிபோய் ஏழு மாதமாகிவிட்டது. அவனுடைய எலெக்ட்ரிக் கித்தார் மட்டும் சுங்கை பினாங்கில் என் வாடகை அறையிலேயே கிடந்தது. தூரம் ஒன்றுமில்லை, தீவிலிருந்து பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் போதும். புக்கிட் தெங்காவில் இருக்கும் ஃபேக்டரிக்கு நான் தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறேன். அவன் இந்தப் பக்கம் வரவில்லை. நானும் அங்கே இறங்கவில்லை. கல்யாண விருந்தில் அவன் மாமனார் முன்னால் அவன் பாடுவது போல இழுத்து இழுத்துப் பாடிக் காட்டினேன். மேசையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் மெசேஜ் வந்தது. "ஞாயித்துக்கிழமை வரேன். கித்தார எடுத்துக்கிறேன்."

கித்தாரும் போய்விட்டால் அவன் என் அறைக்கு வர வேறு காரணமே இருக்காது.

அந்தக் கித்தாரில் கம்பிகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் இரண்டு உண்டு. ஒன்று கனமாகப் பேசும், இன்னொன்று கூர்மையாக. சுவிட்ச் எப்போதோ செத்துப்போய், கனமானது மட்டும்தான் வேலை செய்தது. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி திருகுகிற சுவிட்ச் வேண்டும் என்று அவன் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றில் கனம், இரண்டில் கூர்மை, மூன்றில் இரண்டும் சேர்ந்து. அப்படி ஒன்றை வாங்கி நானே மாட்டினேன். நாலாவது இடத்தில் வயரே கொடுக்காமல் விட்டேன். அது என் குறும்பு.

படிவம் மூன்றோடு படிப்பை விட்டவன் நான். ஆனால் வயரை ஒட்ட ஈயம் வைப்பதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. எங்கள் ஃபேக்டரியில் கறுப்பு வயர் என்றால் எர்த். தினமும் அதையே செய்கிற கை, கூர்மையான பிக்கப்பின் கறுப்பு வயரையும் யோசிக்காமல் எர்த்தில் வைத்துவிட்டது. அந்தப் பிக்கப்பைச் செய்தவர்களோ கறுப்பில்தான் சத்தத்தை அனுப்புகிறார்கள். சனிக்கிழமை வாசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒன்றாம் நம்பர் நன்றாக இருந்தது. இரண்டாம் நம்பரும் நன்றாக இருந்தது. மூன்றில் சத்தம் பெருகுவதற்குப் பதிலாக மெலிந்து, பால் டின்னுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. ஒரு பிக்கப் தள்ள, மற்றது இழுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை. நான் ஈயம் வைக்கும் கம்பியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திருகி மூடினேன். கோளாறு இருந்தால் திரும்பக் கொண்டுவருவான் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை வந்தவன் செருப்பைக் கழற்றவில்லை.

"உள்ள வா மாப்ள. மாமனார் கோவிச்சுக்குவாரா?"

"வைஃப் கீழ காடில இருக்கா லா, எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கு. அஞ்சு நிமிஷம்தான்."

"சுவிட்ச் போட்டுட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலுல சத்தமே வராது. வீட்ல திட்டு விழுந்தா அதுல வச்சுக்க."

லேசாகச் சிரித்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு.

"ஏதாச்சும் கோளாறுனா கொண்டு வா லா. நான் எங்க போவப் போறேன்."

"சரி மச்சான்." பையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தான்.

செவ்வாய்க்கிழமை ஃபேக்டரி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் மெசேஜ் வந்தது.

"மூணாம் நம்பர் செம்ம மச்சான். இந்த மாதிரி சத்தம் நான் எங்கயும் கேட்டதில்ல. வைஃபுக்கும் புடிச்சிருக்கு."

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுதினேன். "அது தப்புடா. கறுப்பு வயர மாத்தி வச்சிட்டேன். கொண்டு வா, சரி பண்ணித் தரேன்."

"ஆமாமா. உன் வெளையாட்டு எனக்குத் தெரியாதா. போடா."

"நெசமாத்தான் சொல்றேன்."

கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று வந்தது. அதோடு சரி.

அன்று சாயங்காலம் பஸ் செபராங் ஜெயாவில் நின்றது. என் பக்கத்து இருக்கைக்காரர் இறங்க எழுந்தார். நான் காலை மடக்கி அவருக்கு வழிவிட்டேன்.