பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

கோவில்பதாகை என்ற ஊரில் மாமா வீட்டுப் பூஜை அலமாரியில், சாமி படங்களுக்குக் கீழே ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அதன் மேல் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம். புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ஐ.டி.யில் வேலை பார்க்கும் நான்தான் முதலில் சிரிக்க வேண்டியவள். ஆனால் எனக்கு அதைப் பார்த்தால் இன்றும் சிரிப்பு வராது. அது கடைசியாகப் போட்ட சத்தம் அப்படி.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். நாளெல்லாம் இரும்பு அரையும் சத்தத்தில் நிற்கிற மனிதருக்கு, வீட்டுக்கு வந்தால் ஊசி விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரிய வேண்டும். முன்னறையில் மூலைக்கு ஒன்றாக ஸ்பீக்கர்கள், டி.வி.க்குக் கீழே பேச்சுக்கென்றே தனி ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் ஒரு பெரிய சப்வூஃபர். மாமனார் வீட்டார் வந்தால்கூட ஸ்பீக்கருக்குக் குறுக்கே உட்கார விடமாட்டார். எதைப் பற்றியும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. எம்.பி.3 என்பது தண்ணீர் ஊற்றிப் பெருக்கிய மோர். நெட்டில் பார்க்கும் படம் வாடகை வீடு, "ஓனர் என்னிக்கு காலி பண்ணுன்னுவான்னு யாருக்குத் தெரியும்?" பதிவைக் காப்பி எடுப்பதென்றால் அவருக்கு ஆகவே ஆகாது. டிஜிட்டலில் அசலும் நகலும் ஒன்றுதான் மாமா என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். "நீ படிச்ச பொண்ணு, சொல்லுவ. ஜெராக்ஸ் எடுத்த சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவியாம்மா?" என்பார்.

அக்கா நிறைமாதமாக இருந்தபோது அவர் ஒரு நல்ல மைக் வாங்கி வந்தார். சோதித்துப் பார்க்க அவளைத்தான் பேசச் சொன்னார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா? இன்னும் இன்னா பேசணும்? குக்கர் வெச்சிட்டு வந்துகீறேன், விசில் வந்தா நான் போய்டுவேன்." சொல்லி முடிப்பதற்குள் விசில் வந்துவிட்டது. அவ்வளவுதான் பதிவு. அது அந்த ஹார்டு டிஸ்க்கில் மட்டும் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டு, "பாரு, விசில் பின்னாடியிருந்து வருது" என்று அவர் பூரித்துக்கொண்டிருந்தார். அக்கா என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டி அதையும் பதிவு செய்தாள். போனில் எடுத்ததெல்லாம் ஒரு சத்தமா என்று மாமா முகம் சுளித்தார். அதை ஒரு தடவை கேட்கக்கூட மறுத்துவிட்டார்.

பாப்பாவுக்குத் தலை நிற்பதற்குள் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். போனை நான் அணைத்து பீரோவில், புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அயனம்பாக்கத்தில் வாடகைக்குக் குடிபோனபோது அதுவும் கூடவே வந்தது, திறக்காமலே. அவள் குரலைக் கேட்டால் தாங்கமாட்டேன் என்று முதலில் பயந்தேன். வருஷங்கள் போகப் போக, திறந்தால் அதில் ஒன்றும் இருக்காதோ என்று பயந்தேன்.

மாமா வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. ஆயுத பூஜைக்கு எல்லாப் பெட்டிகளையும் துடைத்துப் பொட்டு வைத்துப் படைப்பார்கள். அன்று எதையும் போடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று முதலில் ஒலிப்பது அக்காவின் குரல். தன் அம்மாவின் குரலென்று பாப்பா அறிந்தது அந்தச் சில வாக்கியங்கள்தான். பத்து வயது ஆன வருஷம், பொட்டு வைக்கும் வேலையைத் தானே செய்வேன் என்று அடம் பிடித்து வாங்கிக்கொண்டாள். ஸ்பீக்கருக்கெல்லாம் வைத்துவிட்டு, ஹார்டு டிஸ்க்கை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் முதுகில் ஒரு சின்ன ஓட்டை, அதைச் சுற்றி ஒரு வட்டம். பொட்டுக்கென்றே விட்ட இடம் போலத்தான் இருந்தது. ஈரச் சந்தனத்தை அங்கே நிறைய அப்பினாள்.

மறுநாள் பொரியும் சுண்டலும் தட்டில் இருக்க, எல்லாரும் சோபாவில் உட்கார்ந்தோம். மாமா சுவிட்சைப் போட்டார். அக்கா பேசவில்லை. டக், டக், டக் என்று உள்ளே ஏதோ தட்டியது. நிறுத்தியது. மறுபடி தட்டியது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும், டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது. மாமா அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பாப்பா எட்டிப் பார்த்தாள். சந்தனத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்துகள். இந்த ஓட்டையை மூடாதீர்கள் என்று இருந்ததை எழுத்துக்கூட்டி வாய்விட்டே படித்துவிட்டாள். டிஸ்க்குக்குள் காற்று போய் வரும் வழி அது. பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அது கெயடு தட்டிப் போன டிஸ்க்கும்மா, வயசாயிடுச்சி. போன வாரமே மக்கர் பண்ணிக்கினு இருந்துச்சி" என்றார் மாமா. பச்சைப் பொய். குழந்தைக்கும் அது தெரிந்தது. டேட்டா மீட்கும் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் பதிகிற தட்டில் கோடு விழுந்துவிட்டது, ஒன்றும் தேறாது என்றார். ஈரத்தாலா, வயதாலா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். பாப்பா சாப்பிடுவதை விட்டாள். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தாள். ஒரு நாள் என் காதருகே வந்து, "சித்தி, அம்மா ரெண்டாவது வாட்டி செத்தது என்னாலதானே?" என்றாள். அதைக் கேட்டபோது வந்த பயம் அக்கா போனபோதுகூட எனக்கு வந்ததில்லை.

பீரோவைத் திறந்தேன். போனின் முதுகு உப்பியிருந்தது. வெடித்துவிடும் என்று எவரும் சொல்வார்கள். பேட்டரியை மாற்ற அம்பத்தூரில் கடை கடையாக ஏறினேன். பழைய மாடல் என்று எல்லாரும் கையை விரித்தார்கள். கடைசியில் ஒருவர் எங்கிருந்தோ ஒன்றைத் தேடி மாட்டித் தந்தார். மாமா வீட்டில் சமையல்மேடையில் வைத்து சார்ஜில் போட்டேன். மூன்று பேரும் தள்ளி நின்றோம். திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. ஏற்றிவைத்த விளக்கு அணைந்துவிடுமோ என்று பார்ப்பது போல, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். திரை வெளிச்சமானது.

கரகரவென்று இரைச்சல், மின்விசிறிச் சத்தம், அதற்கு நடுவில் அக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு. மாமா சொன்ன அதே தண்ணீர் மோர். குக்கர் விசில் வந்ததும் முடிந்துவிடும் என்று நினைத்தோம். முடியவில்லை. போனைப் பிடித்திருந்தவள் சிரித்தாள். ஸ்பீக்கரிலிருந்து வந்த சிரிப்பில்லை, போனுக்குப் பக்கத்திலேயே நின்று சிரித்தது. "அய்ய, இந்தாளு மூஞ்சியப் பாரேன். பாப்பா, உங்கப்பன நீதான் வந்து திருத்தணும்" என்று வயிற்றிலிருந்தவளிடம் சொன்னாள். அசலில் அது இல்லை. அத்தனை வருஷமாக விஜயதசமி தோறும் அவர் போட்டுக் கேட்ட சுத்தமான சத்தத்தில் அது இல்லவே இல்லை.

பாப்பா ஓவென்று அழுதுவிட்டு, பிறகு தோசை கேட்டாள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். அங்கிருந்தே என்னிடம், "இன்னாம்மா சும்மா நிக்கிற? ஒரு காப்பி எடு. ரெண்டா எடு" என்றார்.

இப்போது அது எங்கெங்கோ இருக்கிறது. மாமா வேண்டாமென்ற நெட்டிலும், என் ஆபீஸ் பையிலும், பாப்பாவின் போனிலும். ஆனாலும் விஜயதசமியன்று அவள் விரல் திரையைத் தொட்டதும், குரல் வரும் வரை டக், டக் என்று ஏதாவது கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். கண் தானாகப் பூஜை அலமாரிக்குப் போகிறது. அந்த டிஸ்க்குக்கு வருஷா வருஷம் பாப்பாதான் பொட்டு வைக்கிறாள். பயப்படாமல் அதே ஓட்டையின் மேல்தான் வைக்க வேண்டுமென்று மாமா பக்கத்தில் நின்று சொல்கிறார்.