சாமி தண்டவாளத்தில் வருவதில்லை

1. ஏழாவது அடி

எங்கள் ஜிம்மில் லெக் பிரஸ் மெஷினில் நூற்றெண்பது கிலோ தள்ளிக்கொண்டிருந்த மனிதர், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயில் உள்வீதியில் சாமியின் சின்ன வாகனம் ஒன்றுக்குத் தோள் கொடுத்து, ஏழாவது அடியில் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். வாகனம் விழவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள். விழுந்தது என்னுடைய பெயர். அவரைப் பயிற்றுவித்தவன் நான்.

பெயர் சிவநேசன். வயது ஐம்பத்தெட்டு. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஜிம்முக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. இருபது வருடமாகத் திருவிழாவில் சாமியைத் தோளில் காவியவர். போன வருடம் ஒரு திருப்பத்தில் கால் தடுமாறி, சாமி ஒரு பக்கம் சரிய, குருக்கள் திரும்பிப் பார்த்த பார்வையை அவரால் மறக்க முடியவில்லை. காவுகிற ஆட்களை ஒழுங்குபடுத்துகிற குகன், மோட்டார் பாகங்கள் விற்கும் கடைக்காரர், மரியாதையான பிள்ளை. மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்:

"அண்ணை, கோவிக்காதேங்கோ. வாற வருசம் நீங்க குடை பிடியுங்கோ. அதுவும் சாமிக்குத்தானே."

சாமிக்குப் பெரிய குடை பிடிப்பது கௌரவமான வேலை. ஆனால் காவியவரின் கையில் குடையைக் கொடுப்பது, இருபது வருடம் பஸ் ஓட்டியவரை இறக்கி டிக்கெட் கிழிக்க விடுவது மாதிரி. அந்தச் சூட்டோடுதான் எங்களிடம் வந்தார்.

"தம்பி, எனக்கு மசில் கிசில் ஒண்டும் வேண்டாம். ஆடி மாசம் குடை பிடிக்காமல் இருந்தால் போதும்."

"மூண்டு மாசம் தாங்கோ அண்ணை" என்றேன்.

தந்தார். அந்த மூன்று மாதத்தின் விளைச்சல்தான் ஏழாவது அடி. திருவிழாவுக்குப் பத்து வாரம் இருந்தது. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும்பியவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "நீர் எழுதித் தந்ததெல்லாம் செய்தனான்தானே தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

2. மெனுவல் வாசிக்கத் தெரிந்தவன்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் நான் எந்தப் போட்டியில் வென்றவன் என்று கேட்பார்கள். ஒன்றிலும் இல்லை. நான் பம்பலப்பிட்டியில் போட்டோகொப்பி மெஷின் விற்றவன். வெள்ளவத்தை காலி வீதியில் துணிக்கடை ஒன்றின் மூன்றாம் மாடியில் ஜிம் திறந்த முதலாளி, வந்திறங்கிய பதினான்கு மெஷின்களையும் பூட்டத் தெரியாமல், மெனுவல் வாசிக்கத் தெரிந்த ஒருவனைத் தேடினார். நான் எதையும் வாசிப்பேன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளைக்கூடக் கடைசி வரி வரை வாசிக்கிறவன். இரண்டு நாளில் பதினான்கையும் பூட்டி முடித்தேன். முதலாளி என்னை மனேஜர் ஆக்கினார். பிறகு பயிற்சியாளர் சான்றிதழும் எடுத்தேன். எழுத்துப் பரீட்சையில் மிக நல்ல புள்ளி. செய்முறைப் பரீட்சையைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை.

மெஷின்களை எனக்குப் பிடிக்கும். ஊசியை நாற்பதில் குத்தினால் நாற்பது. எங்கே இருப்பது, எதைப் பிடிப்பது, எந்தத் தசைக்கு வேலை என்று பக்கத்திலேயே படம் ஒட்டியிருக்கும். மூலையில் கிடந்த பார்பெல்லுக்கும் டம்பெல்களுக்கும் மெனுவல் வரவில்லை. ஆகவே அவற்றைப் பற்றி எனக்கு அபிப்பிராயமும் வரவில்லை. பார்பெல் ராக்கில் மெம்பர்மார் துவாய் காயப்போட்டார்கள். நானும் போட்டேன்.

சிவநேசன் அண்ணைக்கு லெக் பிரஸ், செஸ்ட் பிரஸ், ஷோல்டர் பிரஸ் என்று எழுதிக் கொடுத்தேன். அறுபது கிலோவில் தொடங்கியவர், எண்பது, நூற்றிருபது என்று ஏறினார். ஒவ்வொரு பிளேட் கூடும்போதும் எனக்குத்தான் உற்சாகம் கூடியது. நூற்றெண்பதைத் தொட்ட அன்று அவருடைய பயிற்சிக் கார்டைப் படம் எடுத்து ஜிம் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். நிறையப் பேர் கைதட்டினார்கள். அந்தப் படத்தை அழிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

3. ரிஸானா கேட்ட கேள்விகள்

பெண்களுக்கான நேரத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளர் ரிஸானா. கிராண்ட்பாஸ் பக்கத்துப் பிள்ளை. என்னைவிடப் பதினேழு வயது இளையவர். பாரம் தூக்கும் போட்டிகளுக்கு உண்மையாகவே போனவர். திங்கட்கிழமை நான் படியேறி வந்தபோதே காத்துக்கொண்டு நின்றார்.

"சேர், அங்கிள் விழுந்தாராமே?"

"விழேல்லை. குந்தி இருந்தவர்."

"ஏழடியில இருக்கிறதுக்கா மூணு மாசம்?"

பிறகு என்னை லெக் பிரஸ்ஸில் ஏறிச் சாயச் சொன்னார். சாய்ந்தேன்.

"இப்ப முதுகு எங்க இரிக்கி?"

"சீட்டில."

"சாமி தூக்கக்குள்ள சீட்டு தருவாங்களா?"

"இல்லை."

"ரெண்டு காலாலயும் தள்றீங்க. நடக்கக்குள்ள எத்தன கால் நிலத்தில?"

யோசித்தேன். "ஒண்டு."

"இந்தத் தட்டு எதில ஓடுது?"

"தண்டவாளத்தில."

"சாமி தண்டவாளத்தில வருமா சேர்?"

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது. நான் சீட்டிலிருந்து எழும்பினேன்.

ஐம்பத்தொரு வயதில் ஒரு விஷயம் திடீரென்று விளங்கும்போது வருகிற பரவசம் பொல்லாதது. பாரம் இரண்டு விதம். மெஷின், பாரம் போகிற வழியைத் தானே பிடித்துக்கொள்ளும். நாங்கள் தள்ளினால் மட்டும் போதும். கையிலோ தோளிலோ ஏறிய பாரத்துக்கு வழி கிடையாது. அது முன்னுக்கும் போகும், பக்கத்துக்கும் போகும்; அதை நேராக வைத்திருப்பதே பாதி வேலை. அண்ணையின் தொடையை நான் பலப்படுத்தியிருந்தேன். அந்தப் பாதி வேலையைச் செய்கிற இடுப்புக்கும் கணுக்காலுக்கும் மூன்று மாத லீவு கொடுத்திருந்தேன்.

உடனே பதினான்கு மெஷினுக்கும் துணி போர்த்தி மூடும் வேகம் எனக்கு வந்தது. ரிஸானா தடுத்தார்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா சேர்? முழங்கால் பலமில்லாத மனுசன். கால் நீட்டுற மெஷின் ஒரே இடத்தப் புடிச்சி வேலை வாங்கும், விழப் பயமில்ல. அதையும் குறைஞ்ச பாரத்தில செய்யட்டும். மெஷின் முழங்காலுக்கு. மூலையில கிடக்கிற இரும்பு அங்கிளுக்கு. ஆனா முதல்ல டொக்டரிட்டக் காட்டிட்டு வரச் சொல்லுங்க."

4. அரைக் கேன்

டொக்டர் முழங்காலை ஆட்டிப் பார்த்து, மெதுவாகச் செய்யலாம் என்றார். பெண்களின் நேரம் பன்னிரண்டு மணிக்கு முடியும். அதன் பிறகு ஜிம் காலி. அந்த நேரத்துக்கு அண்ணை வந்தார். ரிஸானா வெறும் பார்பெல்லைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்யச் சொன்னார். பிளேட் இல்லை.

"தம்பி, நான் நூற்றெண்பது தள்ளினவன்" என்று என்னிடம் முறையிட்டார்.

"இது இருபது, அண்ணை."

மூன்றாவது ஸ்குவாட்டில் பார் ஒரு பக்கம் சரிந்தது. ஐந்தாவதில் நெற்றியில் வியர்வை. பாரைத் திருப்பி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இது இருபதோ?"

"ஓம்."

"தராசில போட்டுப் பாத்தனீரோ?"

அடுத்து ஒரு கையில் மட்டும் டம்பெல். கண்ணாடிச் சுவரிலிருந்து தண்ணீர் ஃபில்டர் வரை நடக்க வேண்டும், சாயாமல். போகிற வழியில் நிற்காமல் கை மாற்ற வேண்டும். காவுகிறவர்கள் நடந்துகொண்டே தோள் மாற்றுவார்கள் என்று அண்ணை சொன்ன அன்றே ரிஸானா இதைச் சேர்த்துவிட்டார். முதல் வாரம் அவர் நடந்த நடையைப் பார்த்தால், டம்பெல்தான் அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதாகத் தெரியும்.

ஆறாவது வாரம் ரிஸானா என்னிடம் தண்ணீர்க் கேன் கேட்டார். ஃபில்டர் பழுதானால் வைப்பதற்கென்று வாங்கிய இருபது லீற்றர்க் கேன்.

"நிரப்பித் தரட்டோ?"

"வாணாம் சேர். அரைக் கேன். தண்ணி ஆடணும்."

இதை எந்த மெனுவலும் எனக்குச் சொன்னதில்லை. நிறைந்த கேன் சும்மா பாரம். பாதிக் கேனுக்கு உயிர் உண்டு. ஒரு காலை வைத்தால் தண்ணீர் முன்னுக்குப் போகிறது. மறு காலை வைக்கும்போது திரும்பி வந்து பிடரியில் இடிக்கிறது. அண்ணை துவாயை மடித்துத் தோளில் போட்டு, கேனை ஏற்றி, வாரம் முழுக்க அதனுடன் சண்டை பிடித்தார். ஒரு மதியம் வாய்க்குள் தவில் அடி ஒன்றை முணுமுணுக்கத் தொடங்கினார். அடி தாளத்தில் விழுந்தது. தண்ணீர் அடங்கியது. எட்டாவது வாரம் கண்ணாடியிலிருந்து ஃபில்டர் வரை போய்த் திரும்பினார். கேனுக்குள் சத்தமே இல்லை. ரிஸானா கையைக் கட்டிக்கொண்டு, "ம்" என்றார். அவர் அகராதியில் அது பொன்னாடை. சந்தோசத்தில் எனக்கு மேசைக்கு முன்னால் இருக்க முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணை உள்வீதியில் சின்ன வாகனத்தை இரண்டு சுற்றுக் காவினார். முடிந்ததும் எனக்கு போன் பண்ணினார். மணிச் சத்தம் கேட்டது, மூச்சுச் சத்தம் கேட்டது.

"தம்பி, குகன் திருவிழாவுக்கு நடுவில நிண்டு காவச் சொல்லிட்டான். குடைக்கு வேற ஆள் பாக்கிறானாம்."

5. திருப்பம்

திருவிழா அன்று காலை லீவு போட்டு, கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து வேட்டியோடு பஸ் ஏறினேன். கோயிலில் எல்லோரையும் போல மேற்சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டினேன். ஜிம் மனேஜர் ஒருவருடைய வயிறு எப்படி இருக்கக் கூடாதோ அப்படி இருந்தது என்னுடையது.

வெயில் ஏறுவதற்குள் பவுசர் லொறி வந்து வீதியில் தண்ணீர் அடித்துவிட்டுப் போயிருந்தது. நாதஸ்வரம் எழும்ப, இருபத்துநாலு பேர் இரண்டு நீண்ட மரத்தடிகளுக்குக் கீழே ஒரே மூச்சில் நிமிர்ந்தார்கள். சாமி எழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதிரே மருந்துக்கடை வாசலில் ரிஸானா நின்றார்.

ஊர்வலம் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைக்குத் திரும்பியது. போன வருடம் அண்ணை தடுமாறிய இடம் அதுதான். அங்கே வீதி சரிவு. திரும்பும்போது பாரம் முழுக்கப் பள்ளத்துப் பக்கம் வரும். அண்ணை பள்ளத்துப் பக்கம் நின்றார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினேன். வாகனம் சரிந்தது. அவருடைய முழங்கால் மடிந்தது. மடிந்த முழங்கால் அங்கேயே நிற்காமல், ஸ்குவாட்டில் எழும்புவதுபோல் நிதானமாக நிமிர்ந்தது. சாமியும் நிமிர்ந்தது. தவில்காரர் இரண்டு அடி கூட்டி அடித்தார்.

நான் கையை உயர்த்திக் கூத்தாடிக்கொண்டு நின்றபோதுதான், அண்ணைக்குப் பின்னால் காவியவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. காவுகிற இடத்தில் ஆளை மாற்றும்போது பலம் பார்க்க மாட்டார்கள், உயரம் பார்ப்பார்கள். உயரம் கூடியவர் வந்தால் பாரம் முழுக்க அவர் தோளில். குறைந்தவர் வந்தால் தடி அவரைத் தொடாது. குகனின் கண் கூட்டத்தை அளந்துகொண்டு வந்து என்னில் நின்றது.

"அண்ணை, உங்கட உயரம்தான். உள்ளுக்கு வாங்கோ."

"தம்பி, நான் வந்து..."

"கதைக்க நேரமில்லை அண்ணை. குனியுங்கோ."

குனிந்தேன். மரம் தோளில் இறங்கியது. ஒன்பது வருடம் பாரத்தைப் பற்றிப் பேசிச் சம்பளம் எடுத்தவன், அன்றுதான் அதை நேரில் சந்தித்தேன். அது கீழே மட்டும் அமுக்கவில்லை. பக்கத்துக்கு இழுத்தது, முன்னுக்குத் தள்ளியது, ஒரு கணம் காணாமல் போய்த் திரும்பி வந்தது. நான் என் கால்களைத் தேடினேன்.

"தம்பி, கீழ பாரும்" என்றார் அண்ணை, தலையைத் திருப்பாமல். "என்ர குதிக்காலைப் பாரும். அது போற நேரம் நீரும் போம்."

அவருடைய குதிக்காலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எட்டாவது அடியைத் தாண்டியபோது அற்பமான பெருமை ஒன்று வந்ததை மறைக்கவில்லை. பதினோராவது அடியில் முழங்கால்கள் ராஜினாமாக் கடிதம் நீட்டின. யாரோ ஒரு பிள்ளை என்னைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தது. நான் வீதி ஓரத்தில், ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன். சாமி போனது. கீழே அண்ணை, தோள் மாற்றி, தாளம் தப்பாமல், கோயில் வாசல் வரை போனார்.

எல்லாம் முடிந்து வந்தபோது அவருடைய இரண்டு தோளும் சிவந்திருந்தன. முகம் பரீட்சை பாஸான பிள்ளையின் முகம். நான் ஏதாவது சொல்வதற்குள் அவரே சொன்னார்:

"நீர் பதினொண்டு. நான் எண்ணினனான்."

6. இனி வருகிறவர்களுக்கு

மெஷின் நல்லதா, பார்பெல் நல்லதா என்று மெம்பர்மார் கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். நீங்கள் எதைத் தூக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். எங்கள் சேரும் படிவத்தில் இப்போது அந்தக் கேள்வி இருக்கிறது. காஸ் சிலிண்டர் என்று எழுதுகிறார்கள், பேரப்பிள்ளை என்று எழுதுகிறார்கள். ஒரு பெண் மாமியாரை என்று எழுதியிருந்தார். கொஞ்சம் பயந்துதான் விசாரித்தேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டுமாம். அவருக்கு மெஷினில் தொடங்கி, இப்போது மணல் மூட்டையில் நிற்கிறோம். பதில் தெரிந்தால் எது எவ்வளவு வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கிற பாரத்துக்குக் கீழே நீங்களும் ஒரு தரம் போய் நில்லுங்கள். நான் ஒன்பது வருடம் பிந்திப் போனேன். திருவிழா முடிந்த திங்கட்கிழமை, பன்னிரண்டு மணிக்கு, ரிஸானாவின் முன்னால் போய் நின்றேன்.

"என்ன சேர், கார்டு எழுதணுமா? யாருக்கு?"

"எனக்கு."

என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். வயிற்றில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, எதைத் தூக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"பன்னிரண்டாவது அடி" என்றேன். எழுதிக்கொண்டார்.