கயிற்றோரத்துப் பெஞ்சு

எல்பர்ட் ஸ்ட்ரவுடுக்குக் கோச் என்று பேர்தான். ஆட்டம் தொடங்கிவிட்டால் அவர் வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் விதி அப்படி. ஆட்டத்துக்குப் பேர் கால்பந்து, காலால் உதைப்பதோ எப்போதாவது. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி எதிராளியின் கோட்டைத் தாண்ட வேண்டும். எப்படித் தாண்டுவது என்று வாரம் முழுக்கத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுப்பது கோச். களத்தில் இறங்கினதும் ராஜ்யம் கேப்டனுக்கு. அந்தக் கேப்டனையும் பையன்களே ஓட்டுப் போட்டுப் பிடித்துவருவார்கள்! கோச் களத்தைச் சுற்றிக் கட்டின கயிற்றோரம் பெஞ்சில் உட்கார்ந்து தன் தொப்பியைக் கடிக்கலாம். ஒரு வார்த்தை கத்தினால் போச்சு, நடுவர் அணியையே பின்னுக்குத் தள்ளிவிடுவார்.

தொப்பியைக் கடித்தே பத்து வருஷம் ஓடிவிட்டது. எந்த ஊரிலும் இரண்டாம் வருஷம் கண்டதில்லை. தோற்றால் சீட்டைக் கிழித்தார்கள். ஜெயித்த ஒரே இடத்திலும், பையன்களுக்குப் பல் உடைகிறது என்று ஆட்டத்தையே நிறுத்தித் தொலைத்தார்கள். மனைவி கார்டீலியாவின் கல்யாணச் சீர்ப் பீங்கான் தட்டுகள் பெட்டி வைக்கோலை விட்டு வெளியே வராமலே ஊர் ஊராகச் சுற்றின.

"ஒரே ஊர்ல ரெண்டு வருஷம் இருப்போம்னு சொல்லுங்க, அன்னிக்குப் பெட்டியைப் பிரிக்கிறேன்" என்பாள்.

இந்த வருஷம் வந்து சேர்ந்த இடம் அயோவாவில் லிண்டன் ஃபால்ஸ் கல்லூரி. அதன் தலைவர் விட்கோம்ப் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "நவம்பர் கடைசியில நன்றித் திருநாள் ஆட்டத்துல ஜெயிங்க. அடுத்த வருஷமும் நீங்கதான்."

அந்த வாரம் பார்த்து, பாதி அணி சோளம் ஒடிக்க வீட்டுக்குப் போய்விட்டது. ஆட்டத்தன்று திரும்பிவந்த பையன்களின் விரலெல்லாம் வெடிப்பு. ஸ்ட்ரவுட் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்படியும் கடைசி நிமிஷத்தில் எதிராளியின் கோடு கைக்கெட்டும் தூரத்தில். அதைத் தாண்டினால் ஜெயம். கேப்டன் ராஸ்மஸ் ஹோல்ட் என்ன செய்தான்? வலது பக்கம் மாடு மாதிரி நின்ற தடியன் மேலேயே திரும்பத் திரும்ப முட்டினான். இடது பக்கம் திறந்துகிடந்தது. ஸ்ட்ரவுட் தொப்பியின் விளிம்பைக் கடித்துத் துப்பினார். வாய் திறக்கவில்லை.

"இடது பக்கம்டா, மடப்பயலே!"

முதுகுக்குப் பின்னாலிருந்து கார்டீலியா. ராஸ்மஸ் திரும்பினான், இடது பக்கம் பாய்ந்தான், கோட்டைத் தாண்டினான். நடுவர் விசில் ஊதினார். செல்லாது, பின்னே போங்கள்!

"கத்தினது நான் இல்லய்யா, என் பொண்டாட்டி!"

"அந்தம்மாவுக்கு ஆட்டம் யார் சொல்லிக்குடுத்தது? நீங்கதானே? போங்கய்யா."

தோற்றுப்போனார்கள். விட்கோம்ப் கை குலுக்கின விதத்திலேயே கணக்கு முடிந்துவிட்டது.

வழி நெடுக ஸ்ட்ரவுட் பொருமினார். "பத்து வருஷமா நான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன். உன்னால ஒரு நிமிஷம் முடியலையா?"

வீட்டுக் கதவைத் திறந்ததும் அவர் கத்தல் நின்றது. மேஜை நிறைய நீலப் பூப்போட்ட தட்டுகள். மூலையில் காலிப் பெட்டி, வைக்கோல்.

"காலையிலயே பிரிச்சுட்டேன்" என்றாள். மூக்கு சிவந்திருந்தது. "ஜெயிச்சுடுவீங்கன்னு நினைச்சேன்."

அவர் மேல்கோட்டைக் கழற்றினார், வைக்கோலைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தார்.

"அட, இருங்க. முதல்ல உக்காந்து சாப்பிடுங்க" என்று கார்டீலியா திருநாளுக்கென்று வறுத்துவைத்த வான்கோழியை எடுத்துவரப் போனாள்.